அரிக்கமேட்டில் கண்ட அமைதி

"மனத்திலே அமைதியில்லை என்கிறீரே, காஞ்சிக் கோபுரங்கள் பக்கத்திலேதானே இருக்கின்றன! ஒரு நடை போய்க் கும்பிட்டுவிட்டு வாரும், வாத்தியாரே!" – வாலாஜாபாத்திலே என்பால் அன்பு கொண்ட பெரியவர் ஒருவர் இப்படி அறிவுரை கூறினார். அமைதி வேண்டுமா, ஆண்டவன் சந்நிதிக்குப் போ! தலைமுறை தலைமுறையாகத் தரப்பட்டுவரும் மருந்துச்சீட்டு அது. நானும் அமைதி தேடிப் புறப்பட்டேன், தோழர்களே! ஆனால் ஆலயத்துக்கல்ல, அரிக்கமேட்டுக்கு.

கிரேக்கத்தின் பாழ்நகரங்களைக் காணச் செல்வோர், சரிந்து கிடக்கும் தூண்களிடையே நிற்கையில் உள்ளம் அடங்கித் தெளிகிறது என்பர். ஏதென்ஸ் மண்ணை மிதிப்பவனுக்கு, கி.மு. 399-இல் நஞ்சுக் கோப்பையை ஏந்திய சாக்ரடீஸ் நினைவுக்கு வராமலா போவார்? 1931 டிசம்பரில் கப்பலேறிய பெரியார், எகிப்து, கிரேக்கம், துருக்கி ஆகிய நாடுகளைக் கண்டு சோவியத் நாட்டுக்குச் சென்றார். பள்ளி ஆசிரியனாகிய எனக்கு ஏதென்ஸ் எட்டாத தொலைவு. எனினும், கிரேக்கக் கடலோடு உறவாடிய மண்மேடொன்று, புதுவைக்குத் தெற்கே நான்கு கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது.

'பெரிப்ளூஸ்' என்னும் கடற்பயண நூல், கி.பி. முதல் நூற்றாண்டிலே, பெயர் தெரியாத ஒருவனால் கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. நமது கீழைக் கரையிலே அவன் குறிப்பிடும் துறைமுகங்களில் ஒன்று 'பொதுகே'. அரிக்கமேடுதான் அந்தப் பொதுகே என்பர் ஆய்வாளர். அந்த மேட்டிலே கிடைத்த மணிகளை, 1937-இல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய் ஊர்ச் சிறுவர்களிடமிருந்து விலைகொடுத்து வாங்கினார். வரலாற்றின் வாசற்கதவைச் சிறுவர்களின் கைகளன்றோ முதலில் தட்டின! 1944-இல் சென்னை அருங்காட்சியகத்திலே மதுச்சாடித் துண்டொன்று மார்ட்டிமர் வீலரின் கண்ணிற் பட்டது. எங்கே கிடைத்தது எனக் கேட்டார். 1945-இல் அரிக்கமேட்டைத் தோண்டினார். இத்தாலியின் அரெட்சோ நகரத்துச் செந்நிறக் கலங்களின் துண்டுகள் வெளிப்பட்டன. மதுச்சாடித் துண்டுகளிலே, கிரேக்கத் தீவாகிய கோஸின் சாடி வகையும் இருந்ததென ஆய்வுகள் காட்டின. யவனர் கொணர்ந்த மதுவைப் புறநானூறு பேசும். பாட்டுக்குச் சான்று தந்தது மண்வெட்டி.

அங்கே சென்றால் எதைக் காணலாம்? தோப்பு, ஆறு, இடிந்த செங்கற் சுவர்கள். "ஆகா! யவனர் எழுப்பிய மாளிகை!" என்று மனம் துள்ளுகிறது. ஆனால் உண்மை வேறு. நிற்கும் அந்தச் சுவர்கள், 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கிறித்தவ மடத்தார் கட்டியவற்றின் எச்சம். பண்டை நகரம் மண்ணுக்குள்ளே இருக்கிறது. அகழ்ந்த குழிகளையும் மூடிவிட்டனர். யவனர் வந்துதான் இங்கே வணிகநகர் தோன்றியது என்று முதலில் கருதினர். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி நடத்திய அகழாய்வோ, அவர்களின் சரக்கு வருமுன்பே இங்கே ஊர் இருந்ததைக் காட்டியது. புராணம் திருத்தப்படுவதில்லை, வரலாறு தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது. அந்த நேர்மையை எண்ணியபோதே என் நெஞ்சில் பாதி அமைதி வந்துவிட்டது.

மீதியைத் தந்தவை பானை ஓடுகள். தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகள் அரிக்கமேட்டிலே கிடைத்துள்ளன. கடலுக்கு அப்பால், எகிப்தின் செங்கடற் கரையிலுள்ள குசைர் அல்-காதிமிலும் கிடைத்துள்ளன. அங்கே ஓர் ஓட்டிலே 'கண்ணன்', மற்றொன்றிலே 'சாதன்', வேறொன்றிலே 'பானை ஒறி' – பானையைத் தொங்கவிடும் உறி! மன்னர் மெய்க்கீர்த்தியல்ல, தேவர் துதியுமல்ல. 'இது என் பானை' என்று உரிமை கூறும் எளிய மனிதனின் கையெழுத்து. அவனைக் கடலும் தடுக்கவில்லை, எழுத்தும் விலக்கவில்லை.

சாத்திரங்கள் என்ன கூறின? கடற்பயணம் செய்தவனைச் சிராத்தத்துக்கு அழைக்கலாகாதவர் பட்டியலிலே சேர்த்தது மனுநூல். போதாயன தருமசூத்திரம் கடற்பயணத்தைச் சாதியிழக்கச் செய்யும் குற்றமென்றது. கல்வியோ சிலரது உடைமையாயிற்று. 1951 கணக்கெடுப்பின்போது இந்தியாவிலே எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேரே! பானையிலே பெயர் பொறித்தவனின் வழித்தோன்றல், பத்திரத்திலே கைநாட்டு வைக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டான்.

யவன நாட்டைப் பொன்னுலகமென்று நான் புகழவில்லை. ஏதென்ஸ் மக்களாட்சியிலே பெண்ணுக்கு வாக்கில்லை, அடிமைக்கு உரிமையில்லை. அரெட்சோப் பட்டறைகளிலே கலம் வனைந்தோருள் பலர் அடிமைகள். நம் நாட்டிலும், அரிக்கமேட்டு மணிகளுக்குத் துளையிட்டு மெருகேற்றிய தொழிலாளியின் வாழ்வைப் பாட்டிலே தேடினால் அகப்படவில்லை. பழம்பெருமை பேசும் நம் தோழர்கள் இதை மறத்தலாகாது. மணியை மட்டும் மெச்சி, மணி செய்தவனை மறந்தால், நாமும் வைதிகரும் ஒன்றே.

ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆளேற்றிச் செல்லும் பேருந்துகள் விடியுமுன்னே எங்கள் ஊரைக் கடக்கின்றன. அங்கே உருவாகும் ஊர்திகளும் கருவிகளும் கடல் கடந்து செல்கின்றன. அவற்றை உருவாக்கியோரின் பெயர் அவற்றிலே இல்லை. அவர்களின் பிள்ளைகள் என் வகுப்பிலே இருக்கிறார்கள்.

அரிக்கமேட்டிலிருந்து ஓர் ஓட்டையும் நான் எடுத்துவரவில்லை. அது நாட்டின் உடைமை. திரும்பியதும் எங்களூர்க் குயவரிடம் உடைந்த பானையொன்றை வாங்கி, ஆளுக்கோர் ஓடு தந்து, "உங்கள் பெயரை ஆணியால் கீறுங்கள்" என்றேன். ஒரு சிறுமி கேட்டாள்: "ஐயா, அப்பா பெயரையும் எழுதலாமா? அவருக்கு எழுத வராது."

"எழுதம்மா" என்றேன். ஆற்றங்கரையிலே கண்ட அமைதி அந்த நொடியிலே கலைந்தது. கலைந்ததற்காக நான் வருந்தவில்லை. அந்தத் தந்தையும் தம் பெயரைத் தாமே எழுதும் நாளில் அது திரும்பி வரட்டும். அதுவரை, தோழர்களே, மாலை நேரத்தில் ஒரு மணியை எழுத்தறியாதோருக்குக் கொடுங்கள்!