கதவைத் தட்டிய கலைஞர்



ஏதாவது ஓர் ஓவியம் பல கோடிக்கு விலைபோனது என்று செய்தி வந்தால், "இந்த விலையை யார் சார் வைக்கிறார்கள்?" என்று உங்களில் யாராவது கேட்டுவிடுகிறீர்கள். அதற்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சி நவீன ஓவியங்களைச் "சீர்கெட்ட கலை" என்று சொல்லி, 1937இல் மியூனிக் நகரில் அவற்றைக் கேலி செய்யவே ஒரு கண்காட்சி நடத்தியது. யூதர்களான கலை வணிகர்கள் பலர் நாட்டை விட்டு ஓடினார்கள். போர் முடிந்து இருபது ஆண்டுகள் ஆன பிறகும் அங்கே புதிய ஓவியர்களின் படைப்புகளை வாங்க ஆள் குறைவு. கலைக்கூடங்களோ ஊருக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்தன.

ஹைன் ஸ்டுங்கே, ரூடால்ஃப் ஸ்விர்னர் என்ற இரு கலைக்கூட உரிமையாளர்கள் ஒரு வழி கண்டார்கள். நம் ஊர்ச் சந்தை மாதிரி எல்லாக் கடையையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தால் என்ன? 1967 செப்டம்பரில் கொலோன் நகரின் பழைய விழா மண்டபம் ஒன்றில் 18 கலைக்கூடங்கள் கடை விரித்தன. சில நாட்களில் சுமார் 15,000 பேர் வந்து பார்த்தார்கள். கலைக்கூடத்துக்குள் நுழையவே கூச்சப்பட்டவர்கள், சந்தை என்றதும் தயங்காமல் உள்ளே வந்து விலை கேட்டார்கள்.

அந்தச் சந்தைக்கு 1969இல் பெர்லினிலிருந்து ரெனே ப்ளோக் என்ற இளைஞர் வந்தார். 22 வயதிலேயே கலைக்கூடம் தொடங்கியவர். அவர் காட்டியது யோசப் பாய்ஸ் என்ற கலைஞரின் படைப்பு. ஒரு பழைய ஃபோக்ஸ்வாகன் வேன். அதன் பின்கதவிலிருந்து கூட்டமாக வெளியேறுவது போல 24 பனிச்சறுக்கு வண்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு கம்பளிச் சுருள், கொஞ்சம் கொழுப்பு, ஒரு டார்ச் லைட். ஆபத்தில் உயிர் பிழைக்கத் தேவையான சூடு, உணவு, வெளிச்சம். அவ்வளவுதான்.

ப்ளோக் சொன்ன விலை 1,10,000 மார்க். அதற்கே விற்றது. அக்காலத்து ஜெர்மன் கலைஞர் ஒருவரின் படைப்பு ஒரு லட்சம் மார்க்கைத் தாண்டியது அதுவே முதல் முறை என்பார்கள். அந்தப் படைப்பு இன்று காசல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆக, விலை என்பது பொருளில் ஒட்டியிருப்பதல்ல. தன் கலைஞர் மேல் நம்பிக்கை வைத்து ஒருவர் துணிந்து சொல்வதும், இன்னொருவர் அதை ஒப்புக்கொள்வதும்தான்.

கதை இதோடு முடிந்திருந்தால் இது வெறும் வியாபாரக் கதை. அந்தச் சந்தையில் எல்லோருக்கும் இடம் கிடையாது. யாரைச் சேர்ப்பது என்பதை அந்தக் கலைக்கூடங்களின் சங்கமே முடிவு செய்தது. 1970இல் சந்தை நடந்த மண்டபத்தின் கண்ணாடிக் கதவைச் சிலர் சாவியால் தட்டி, எங்களையும் உள்ளே விடுங்கள் என்று போராடினார்கள். அப்படித் தட்டியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? முந்தைய ஆண்டு அதே சந்தையில் பெரிய விலை பெற்ற யோசப் பாய்ஸ்தான்!

அதே 1970இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் எர்ன்ஸ்ட் பையலர், ட்ரூடல் ப்ருக்னர், பால்ட்ஸ் ஹில்ட் ஆகிய மூவரும் வெளிநாட்டுக் கலைக்கூடங்களுக்கும் இடம் கொடுத்து ஒரு சந்தை தொடங்கினார்கள். முதல் ஆண்டிலேயே 10 நாடுகளின் 90 கலைக்கூடங்கள் வந்தன. பார்வையாளர்கள் 16,000 பேருக்கு மேல். இன்று உலகின் முதன்மையான கலைச் சந்தை அதுதான். கதவைத் திறந்தவர்கள் பக்கம் கூட்டம் போனது.

பாய்ஸ் ஓர் ஆசிரியரும்கூட. டுசல்டார்ஃப் கலைக் கல்லூரியில் பேராசிரியர். இடம் மறுக்கப்பட்ட மாணவர்களோடு சேர்ந்து கல்லூரி அலுவலகத்தில் உட்கார்ந்து போராடியதற்காக 1972இல் வேலையை இழந்தார். அவருடைய கலை எல்லோருக்கும் புரியாமல் போகலாம்; எனக்கும் எல்லாம் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தனக்கு இடம் கிடைத்த பிறகும் வெளியே நிற்பவனுக்காகக் கதவைத் தட்டியவர் அவர். வகுப்பறையில் காலம் கழித்த எனக்கு, அந்த 1,10,000 மார்க்கை விட இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

உங்களில் பலர் இன்று நல்ல பதவிகளில், உள்ளே இருக்கிறீர்கள். வெளியே யாராவது தட்டினால் காது கொடுங்கள், பிள்ளைகளே. நலமோடு வாழ்க.