அடையாற்றுக் கழிமுகமும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடமும்

சென்னையின் தென்பகுதியில் பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே அடையாறு வங்கக்கடலில் கலக்கிறது. இந்தியக் கடலோர உயிரியலின் தொடக்ககால ஆய்வுகள் சில இக்கழிமுகத்தில் நடந்தன. 1930களில் சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வுக்கூடத்தை வழிநடத்திய பேராசிரியர் ஆர். கோபால ஐயரும், அவரிடம் ஆய்வு செய்த இளைஞர் என். கேசவ பணிக்கரும் (1913–1977) அவற்றை மேற்கொண்டனர்.

கழிமுகத்தின் இயல்பு

கடலலைகள் கொண்டுவரும் மணல், ஆற்றின் முகத்தில் திட்டாகப் படிகிறது. கோடையில் நீரோட்டம் குறையும்போது இத்திட்டு முகத்தை அடைத்துவிடும். வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் அதை உடைத்துத் திறக்கும். இதனால் நீரின் உப்புத்தன்மை ஆண்டு முழுவதும் மாறிக்கொண்டே இருக்கும். இம்மாற்றத்தைத் தாங்கும் உயிரினங்களே இங்கு நிலைத்து வாழ முடியும்.

ஆய்வுகள்

இருவரும் சென்னையின் உவர்நீர் விலங்குகளைப் பற்றி எழுதிய விரிவான கட்டுரை, 1937இல் இந்திய அறிவியல் அகாதமியின் ஆய்விதழில் வெளிவந்தது. அப்போது பணிக்கருக்கு வயது 24. இவ்விலங்குகளின் இனப்பெருக்கம் குறித்த கட்டுரை 1939இல் வந்தது.

பின்னர் இங்கிலாந்து சென்ற பணிக்கர், இறால்கள் தம் உடல்நீரின் உப்பளவை எவ்வாறு கட்டுப்படுத்துகின்றன என்று ஆராய்ந்தார். சுற்றியுள்ள நீரில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் சில இறால்கள் தம் இரத்தத்தின் உப்பளவைப் பெருமளவு நிலையாக வைத்துக்கொள்கின்றன என அவர் காட்டினார். வெப்பமான நீர் இத்திறனுக்குத் துணைசெய்கிறது என்றும், வெப்பமண்டலக் கழிமுகங்களில் இத்தகைய உயிர்கள் மிகுந்திருக்க அது ஒரு காரணம் என்றும் விளக்கினார்.

தொடர்ச்சி

1947இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. பணிக்கர் 1950களில் அதன் இயக்குநராகவும், 1966இல் தொடங்கப்பட்ட தேசியக் கடலியல் நிறுவனத்தின் முதல் இயக்குநராகவும் பணியாற்றினார்.

இன்றைய மதிப்பு

நகரம் வளர்ந்தபோது அடையாற்றில் கழிவுநீர் பெருகியது, கரைகளும் ஆக்கிரமிக்கப்பட்டன. 2011இல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா, கழிமுகத்தை ஒட்டிய உப்பங்கழியின் ஒரு பகுதியை மீட்கும் முயற்சியாகும். ஒரு நீர்நிலையை மீட்க, அது முன்பு எப்படி இருந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒப்பீட்டுக்கு 1930களின் ஆய்வுப் பதிவுகள் இன்றும் அடிப்படையாகப் பயன்படக்கூடியவை.