இயற்பெயரும் சிறப்புப்பெயரும்

பாண்டவருள் மூத்தோனின் இயற்பெயர் யுதிஷ்டிரன். ‘போரில் நிலைகலங்காதவன்’ என்பது அவ்வடசொல்லின் பொருள். அஜாதசத்துரு, தருமராஜன் என்பன அவனது சிறப்புப்பெயர்கள். ஆயினும் கரையான்சாவடி, பூவிருந்தவல்லி முதலிய ஊர்கள் அடங்கிய தொண்டைமண்டலத்தில் மக்கள் வழக்கில் நிலைபெற்றது தருமராஜா என்னும் பெயரே. அவன் தேவியும் துருபதன் மகளாதலின் திரௌபதி, பாஞ்சால நாட்டினளாதலின் பாஞ்சாலி, கருநிறத்தினளாதலின் கிருஷ்ணை எனப்பட்டாள். அவளது கோயிலையே தருமராஜா கோயில் என வழங்குவதும் இப்பகுதியில் உண்டு.

இயற்பெயர் பின்தங்கியது ஏன்? யுதிஷ்டிரன் என்பதன் பொருள் தமிழ்ச்செவிக்கு எட்டவில்லை. தருமம் என்பதோ நாள்தோறும் வழங்கும் சொல். ஆகவே பொருள் விளங்கிய பெயரே நிலைத்தது என நாம் கருதுகிறோம்.

‘கிறிஸ்து’ என்பதும் இயற்பெயரன்று. ‘அபிஷேகம்பண்ணப்பட்டவர்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சிறப்புப்பெயரே. அதன் பொருள் தமிழர்க்குத் தானே விளங்குவதன்று. அதனை விளக்கிக் கூறுதல் போதகராகிய நம்மேல் விழுந்த கடமையாகும்.