தாய்ப்பால் பம்பு

தாயின் மார்பில் ஊறும் பாலை உறிஞ்சி எடுத்துப் புட்டியில் சேர்க்கும் கருவி தாய்ப்பால் பம்பு. வேலைக்குப் போகும் பெண்களின் கருவி என்றே பலரும் இதை அறிந்திருக்கிறார்கள். இதன் தேவை மிகுதியாக இருக்கும் இடமோ மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் இசைவாகச் செய்யும் திறன் கருவின் 34ஆம் வார வாக்கில்தான் குழந்தைக்குக் கைகூடுகிறது. அதற்கு முன்பே பிறந்துவிட்ட குழந்தைக்கு, மூக்கு அல்லது வாய் வழியே இரைப்பைக்குப் போகும் மெல்லிய குழாயில்தான் பால் கொடுப்பார்கள். அந்தப் பாலைத் தாய் தன் மார்பிலிருந்து எடுத்துத் தர வேண்டும்.

அது மருந்துக்கு நிகரான உணவு. குறைமாதக் குழந்தைகளின் உயிரைப் பறிக்கக்கூடிய குடல் அழற்சி நோய், தாய்ப்பால் பெறும் குழந்தைகளிடம் குறைவாகவே காணப்படுகிறது. குறைமாதத்தில் பெற்ற தாயின் பாலில் முதல் சில வாரங்களுக்குப் புரதமும் நோய் எதிர்ப்புக் கூறுகளும் கூடுதலாக இருக்கின்றன.

சுரப்பு நிகழும் விதம்

பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியேறியதும் தாயின் உடலில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சட்டெனக் குறைகிறது. அதுவரை அடங்கியிருந்த, பாலைச் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் வேலையைத் தொடங்குகிறது. இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மார்பு கனத்துப் பால் இறங்கும். சிசேரியன், நீரிழிவு, குறைப்பிரசவம் போன்றவற்றால் இது ஓரிரு நாள் தள்ளிப்போகலாம். அதற்கு முன் வருவது மஞ்சள் நிறமும் பிசுபிசுப்பும் கொண்ட சீம்பால்.

இந்த முதற்கட்டம் ஹார்மோன்களால் தானாகவே நடக்கும். அதன் பிறகு சுரப்பு நிலைப்பதும் பெருகுவதும் மார்பு எத்தனை முறை, எவ்வளவு முழுமையாகக் காலியாகிறது என்பதைப் பொறுத்தது. எடுக்க எடுக்க ஊறும். தேங்கிய மார்பில் சுரப்பு மெல்ல அடங்கிவிடும். ஊறிய பால் காம்பு வரை வருவதற்கு ஆக்ஸிடோசின் வேண்டும். வலி, பயம், பதற்றம் ஆகியவை இந்த ஹார்மோனைத் தடுக்கும். குழந்தையின் தொட்டிலருகே உட்கார்ந்து பம்பு செய்வதும், குழந்தை கிடந்த துணியை மடியில் வைத்துக்கொள்வதும், குழந்தையை மார்போடு அணைத்துக் கங்காரு பராமரிப்பு கொடுத்து முடித்த கையோடு பால் எடுப்பதும் பலருக்குப் பலன் தருவது இதனால்தான்.

முதல் நாட்கள்

குழந்தை தீவிர சிகிச்சையில் இருந்தால், தாயின் உடல்நிலை இடம் கொடுக்கும் மட்டும், பிரசவமான முதல் சில மணிநேரத்துக்குள் பால் எடுக்கத் தொடங்க வேண்டும். பிறகு 24 மணிநேரத்தில் 8 முதல் 12 முறை. இரவில் ஒரு முறையாவது எழுந்து எடுப்பது அவசியம்; விடிய விடிய மார்பைத் தேங்கவிடக் கூடாது.

முதல் இரண்டு மூன்று நாட்களுக்குப் பம்பை மட்டும் நம்புவது சரியல்ல. சீம்பால் கெட்டியானது, அளவும் சொட்டுக் கணக்குதான். பம்பில் அது புனலின் ஓரத்திலும் வால்விலும் ஒட்டிக்கொண்டு வீணாகிவிடும். கையால் பீய்ச்சுவதே இந்தக் கட்டத்துக்கு ஏற்றது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காம்பைச் சுற்றிய கருவட்டத்துக்குச் சற்று வெளியே எதிரெதிராக வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களை ஒன்றையொன்று நோக்கி அமுக்கி விட வேண்டும். காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. காம்பு நுனியில் திரளும் துளியைச் செவிலியர் ஊசியில்லாத 1 மி.லி. சிரிஞ்சில் உறிஞ்சி எடுப்பார். அரை மி.லி. கிடைத்தாலும் அது குழந்தையின் கன்னத்தின் உட்புறத்தில் தடவப் போதுமானது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஜேன் மார்ட்டன் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, முதல் மூன்று நாட்களில் கையாலும் அடிக்கடி பீய்ச்சி, பிறகு பம்பு ஓடும்போதே மார்பைக் கைகளால் நீவி அமுக்கிவிட்ட குறைமாதக் குழந்தைகளின் தாய்மார்களுக்குச் சுரப்பு நன்றாகப் பெருகியதைக் காட்டியது.

பம்பைப் பயன்படுத்துதல்

கையால் இயக்கும் பம்பு விலை குறைவு. எப்போதாவது எடுப்பவருக்கு அது போதும். நாளுக்கு எட்டு முறை எடுக்க வேண்டியவருக்கு, இரு மார்பிலும் ஒரே நேரத்தில் எடுக்கும் மின்பம்பே ஏற்றது. நேரம் பாதியாகும், பாலும் கூடுதலாக வரும். பல தாய்மார்கள் மாறி மாறிப் பயன்படுத்தும் மருத்துவமனைப் பம்புகளில், பால் இயந்திரத்துக்குள் போகாதபடி தடுப்பு இருக்கும். புனல், குழாய், புட்டி மட்டும் ஒவ்வொருவருக்கும் தனி. அந்தத் தடுப்பு இல்லாத பம்பை இன்னொருவரிடமிருந்து வாங்கிப் பயன்படுத்தக் கூடாது.

பலரும் கவனிக்காமல் விடுவது புனலின் அளவை. பெட்டியில் பெரும்பாலும் 24 மி.மீ. புனல்தான் வரும், எல்லாருக்கும் அது பொருந்தாது. பம்பு ஓடும்போது காம்பு புனலின் கழுத்துக்குள் தடையின்றி முன்னும் பின்னும் நகர வேண்டும். பக்கச் சுவரில் உரசினால் புனல் சிறியது. கருவட்டமும் சேர்ந்து உள்ளே இழுபட்டால் புனல் பெரியது. எடுத்து முடித்ததும் காம்பு வெளுத்தோ வெடித்தோ இருந்தால் அளவையும் இழுவிசையையும் மாற்ற வேண்டும். இழுவிசையைக் கூட்டினால் பால் கூடும் என்பது தவறான நம்பிக்கை. வலி வந்தால் ஆக்ஸிடோசின் தடைபட்டு, வரவேண்டிய பாலும் நின்றுபோகும். முதலில் மெல்லிய விசையில் வேகமாக ஓடவிட்டு, பால் பாயத் தொடங்கியதும் வேகத்தைக் குறைத்து, வலிக்காத அளவுக்கு விசையைக் கூட்டுவதே முறை. ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம் ஆகும்.

புட்டியில் சேரும் அளவைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் நாளில் ஒரு தடவைக்குச் சில துளிகளே வருவது இயல்பு. தொடர்ந்து எடுத்தால் இரண்டாம் வார முடிவில் நாளொன்றுக்கு 500 மி.லி.க்குக் குறையாமல் எட்டுவதை மருத்துவர்கள் இலக்காக வைக்கிறார்கள். ஆனால் நம் வீடுகளில் இரண்டாம் நாளே புட்டியைத் தூக்கிப் பார்த்து, ‘இவளுக்குப் பாலே இல்லை’ என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். நேரடியாகக் குடிக்கும் ஆரோக்கியமான குழந்தை, பம்பு எடுப்பதைவிடக் கூடுதலாகவே எடுத்துவிடும். எனவே பம்பில் வந்த அளவை வைத்து ஒரு தாயின் சுரப்பை எடைபோடக் கூடாது. பால் ஊறும் என்று கொடுக்கும் பூண்டும் பால்சுறாப் புட்டும் பிள்ளை பெற்றவளுக்கு நல்ல உணவுதான். ஆனால் மார்பை அடிக்கடி காலியாக்கும் வேலையை அவை செய்துவிடாது.

மார்பில் பால் கட்டிக்கொண்டு வலித்தாலும் எடுப்பதை நிறுத்தக் கூடாது. வழக்கமான அளவுக்கு எடுத்துக்கொண்டு, எடுத்த பிறகு குளிர்ந்த துணி ஒத்தடம் கொடுக்கலாம். காய்ச்சலும் மார்பில் சிவப்பும் சேர்ந்து வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தூய்மை

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 2016இல் ஒரு குறைமாதக் குழந்தையைத் தாக்கிய குரோனோபாக்டர் கிருமி, சரியாகக் கழுவப்படாத பம்பு பாகங்களோடு தொடர்புடையது எனக் கண்டறியப்பட்டது. அதையடுத்து அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கழுவும் முறையை விரிவாக வகுத்தது. ஒவ்வொரு முறை எடுத்த பிறகும் பால் பட்ட பாகங்களைக் கழற்றி, இதற்கென்றே வைத்த பாத்திரத்தில் சோப்பு நீரால் கழுவ வேண்டும். பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் நேரடியாகப் போடக் கூடாது. அதன் ஸ்பாஞ்சும் உதவாது, தனி பிரஷ் வேண்டும். சுத்தமான துணியில் பரப்பித் தானாக உலரவிட வேண்டும். குறைமாதக் குழந்தைக்கும், பிறந்து இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கும், நாளுக்கு ஒரு முறை பாகங்களை ஐந்து நிமிடம் கொதிக்க வைப்பது நல்லது.

சேமிப்பும் ஊட்டலும்

எடுத்த பாலை 25 பாகை செல்சியஸுக்கு மேற்படாத அறையில் நான்கு மணிநேரம் வைக்கலாம். சென்னையின் கோடைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. எடுத்த உடனே குளிர்பெட்டியில் வைப்பதே பாதுகாப்பு. குளிர்பெட்டியில் கதவோரம் வைக்காமல் உட்புறம் வைத்தால் நான்கு நாள் தாங்கும். உறைபெட்டியில் ஆறு மாதம்வரை நன்றாக இருக்கும். உறைந்த பாலைக் குளிர்பெட்டியில் இளகவிட்டால் 24 மணிநேரத்துக்குள் முடிக்க வேண்டும், மறுபடி உறையவைக்கக் கூடாது. சிகிச்சைப் பிரிவில் உள்ள குழந்தைக்கு விதி இன்னும் இறுக்கமாக இருக்கும். அங்கே மருத்துவமனை சொல்லும் கணக்கே செல்லும். வைத்த பாலில் ஆடை மேலே பிரிந்து நிற்கும். அது கெட்டுப்போன அடையாளம் அல்ல, மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். வெந்நீர்க் கிண்ணத்தில் புட்டியை வைத்துச் சூடாக்கலாம். மைக்ரோவேவில் வைத்தால் ஓரிடம் கொதித்து இன்னோரிடம் ஆறிக் கிடக்கும், குழந்தையின் வாய் வெந்துவிடும்.

குழாய் எடுக்கப்பட்டு வாயால் குடிக்கத் தொடங்கும் குழந்தைக்கு, இந்திய மருத்துவமனைகள் பாலாடையைப் பயன்படுத்துகின்றன. நம் வீடுகளின் சங்குக்கு இணையான இந்தச் சிறு மூக்குக் கிண்ணம் புட்டியைவிடக் கழுவ எளிது. குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, கிண்ணத்தின் மூக்கைக் குழந்தையின் உதட்டோரம் வைத்து, விழுங்க விழுங்கச் சரிக்க வேண்டும்.

வரலாறு

அமெரிக்காவில் ஓ. எச். நீதம் 1854இல் தாய்ப்பால் பம்பு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். சதுரங்க வீரரும் பொறியாளருமான எட்வர்ட் லாஸ்கர் 1920களில் இயந்திரப் பம்பை உருவாக்கினார்; குறைமாதக் குழந்தைகளுக்குப் பால் எடுக்க அது உதவியது. தொடக்ககாலக் கருவிகள் காம்பைப் புண்ணாக்கின. எவ்வளவு இழுவிசையைத் திசுக்கள் தாங்கும் என்பதை ஆராய்ந்து, சுவீடன் பொறியாளர் எய்னார் எக்னெல் 1956இல் தன் முடிவுகளை வெளியிட்டார். இன்றைய மின்பம்புகள் அந்த வழியில் வந்தவை.

தாயிடம் பால் போதாத நாட்களில்

தாயின் பால் போதாதபோது, பிற தாய்மார் கொடுத்த பாலைத் தாய்ப்பால் வங்கி தருகிறது. கொடையாளரைப் பரிசோதித்து, பாலை 62.5 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கியே கொடுப்பார்கள். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை மும்பை சயான் மருத்துவமனையில் 1989இல் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கினார். தமிழ்நாட்டிலும் அரசு மருத்துவமனைகளில் இவ்வங்கிகள் இயங்குகின்றன. தாய்ப்பாலை வணிகப் பொருளாக விற்பதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 மே மாதம் எச்சரித்தது. தன் குழந்தையின் தேவைக்கு மிஞ்சிப் பால் உள்ள தாய், அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் விசாரித்தால், அதைக் கொடையாகத் தரும் வழியைச் சொல்வார்கள்.