பதுளையும் ஊவாத் தோட்டங்களும்: காணி கிடைக்காதவர்களின் மாகாணம்

வடக்கில் யாரிடமாவது எனது ஊர் பதுளை என்று சொன்னால், "அங்கேயும் தமிழ் ஆக்கள் இருக்கினமோ?" என்ற கேள்வி இன்றைக்கும் வரும். பசறைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவன் என்ற வகையில் அதற்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். 2012 ஆம் ஆண்டு சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி பதுளை மாவட்டத்தில் வாழ்ந்தவர்கள் சுமார் 8 இலட்சத்து 15 ஆயிரம் பேர். அவர்களில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் இந்திய வம்சாவளித் தமிழர் என்று பதியப்பட்டவர்கள். இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்ட மலையகக் குடும்பங்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை.

மலையும் காற்றும்

ஊவா மாகாணத்தில் பதுளை, மொனராகலை என இரண்டு மாவட்டங்கள் உள்ளன. பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து 700 மீற்றருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில், மகாவலியில் கலக்கும் பதுளு ஓயாவின் பள்ளத்தாக்கில் இருக்கிறது. கிழக்கே 2,000 மீற்றரைத் தாண்டி நிற்கிறது நமுனுகுலை மலை. தெற்கே அப்புத்தளையில் மலைச்சுவர் செங்குத்தாக இறங்கித் தாழ்நிலத்தில் முடிகிறது.

தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு வறண்ட காற்றாகத்தான் ஊவாவுக்கு வந்து சேரும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் அந்தக் காற்றில் கொழுந்து மெதுவாக வளர்ந்து தனி வாசனை பெறுகிறது. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்த வாசனைதான். வடகீழ்ப் பருவமழை ஒக்டோபரிலிருந்து பெய்யும். எங்கள் மக்கள் மண்சரிவுக்குப் பயந்து கண்விழிக்கும் மாதங்களும் அவைதான்.

காடு தோட்டமான விதம்

1817–18 இல் ஊவா, வெல்லஸ்ஸ மக்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். அதை அடக்கிய ஆட்சி பயிர்களையும் குளங்களையும் அழித்தது. பின்னர் 1840 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், உரித்தை நிரூபிக்க முடியாத காணிகளை முடிக்குரியதாக்கியது. அந்தக் காணிகள் தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டன. தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் மூலம் கொண்டுவரப்பட்டவர்கள், பிறர் இழந்த நிலத்தில் தமக்குச் சொந்தமாக ஒரு பிடி மண்ணும் இல்லாமல் வேலைக்கு நிறுத்தப்பட்டார்கள். இரு சமூகத்துக்கும் நடந்த அநியாயத்தைச் சேர்த்துப் பார்க்காமல் ஊவாவின் வரலாறு விளங்காது.

1869 இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன் இடத்துக்குத் தேயிலை வந்தது. 1890 இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகே தம்பேத்தன்னையில் தொழிற்சாலை கட்டினார். ரயில் பாதை 1924 இல் பதுளையை அடைந்தது. இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் டெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் அந்தப் பாதையில் உள்ளதே.

வாக்கு போனது, ஆட்களும் போனார்கள்

1947 தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் 7 பேர் பாராளுமன்றம் சென்றனர். அடுத்த ஆண்டு 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. பெரும்பான்மையானோர் நாடற்றவர்களாகி வாக்குரிமையையும் இழந்தனர். 1964 ஒக்டோபர் 30 இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கான முடிவு 2003 இல் வந்த சட்டத்தோடுதான் கிடைத்தது.

இங்கேதான் மலையகக் கதை வன்னிக் கதையோடு சேர்கிறது. 1970களின் பஞ்சமும், 1977, 1981, 1983 வன்செயல்களும் தோட்டக் குடும்பங்களை வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் துரத்தின. 1983 ஜூலை 27 அன்று பதுளை நகரில் தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. என் தாயாரின் தம்பி 1977 இலேயே குடும்பத்துடன் வவுனியா போய்க் காடு வெட்டிக் குடியேறிவிட்டார். அப்படிப் போனவர்கள் 2009 வரை உங்களோடு இடம்பெயர்ந்தார்கள், உங்களோடு பதுங்குகுழியில் இருந்தார்கள். மலையகத்திலும் காணி உறுதி இல்லை, வன்னியிலும் உறுதி இல்லை என்ற நிலையில் அவர்களில் பலர் இன்னும் இருக்கிறார்கள்.

மலையில் தங்கியவர்களையும் போர் விட்டுவைக்கவில்லை. 2000 ஒக்டோபர் 25 அன்று பண்டாரவளை, பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் தடுத்து வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்கள் 25 பேருக்கு மேல் கும்பலால் கொல்லப்பட்டனர். அந்த வழக்கில் எஞ்சியிருந்த எதிரிகளையும் 2005 இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது.

யாருடைய ஆட்சி?

பதுளை மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. ஊவா மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 செப்டெம்பரில். 2019 இல் அதன் காலம் முடிந்த பிறகு ஆளுநரே நிர்வகிக்கிறார்.

தோட்டத்துக்குள் வந்தால் கணக்கு வேறு. 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆவது பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக நின்றது. நாங்கள் வாக்களித்துத் தெரிவு செய்த சபையால் எங்கள் லயத்துக்குப் போகும் பாதையைத் திருத்த முடியாது. 2018 இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது.

கடிதமும் அப்படித்தான். பல தோட்டங்களில் லயக் காம்பராவுக்குத் தனி முகவரி கிடையாது, எல்லாம் தோட்ட அலுவலகத்துக்கே வரும். எனக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதமொன்று அங்கே கிடந்து, நாள் கடந்த பின்னரே கைக்குக் கிடைத்தது. இப்படி வேலை இழந்தவர்களைத் தோட்டத்துக்குத் தோட்டம் காணலாம்.

மண்ணும் மழையும்

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அங்கே ஆபத்து இருப்பதாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கிடைத்தால் போதுமா? எழும்பிப் போவதற்கு வேறு காணி வேண்டாமா?

இந்தக் கேள்விக்கான விடை குத்தகைப் பத்திரத்தில் இருக்கிறது. 1975 இல் அரசு கம்பனித் தோட்டங்களைச் சுவீகரித்தது. 1992 இல் முகாமைத்துவத்தைப் பிராந்தியக் கம்பனிகளுக்குக் கொடுத்தது. 53 வருடக் குத்தகை 2045 வரை ஓடும். காணி அரசினுடையது, பயிர் கம்பனியுடையது. லயத்தில் ஐந்து தலைமுறை வாழ்ந்த குடும்பத்துக்கு அங்கே எழுத்தில் இடமில்லை. 7 பேர்ச் காணியோடு தனிவீடு என்ற திட்டம் இந்திய உதவியுடனும் நடந்தது. ஒரு ஏக்கர் 160 பேர்ச் என்று கணக்குப் போட்டால், அதில் 20க்கு மேற்பட்ட குடும்பங்களைக் குடியேற்றலாம். கைவிடப்பட்டுக் காடாகிக் கிடக்கும் தேயிலை மலைகளைப் பார்க்கும்போது, இடம் இல்லை என்ற பேச்சை என்னால் ஏற்க முடிவதில்லை.

கூத்தும் கோயிலும்

மாசியில் காமன் கூத்து ஆடுவோம். மாரியம்மன் திருவிழாவில் தீ மிதிப்போம். யாழ்ப்பாணத்திலிருந்து கிழக்குக் கரையோரமாக நடந்து போகும் பாதயாத்திரிகர்கள் சேரும் கதிர்காமமும் ஊவா மாகாணத்தில்தான் இருக்கிறது. அடுத்த ஆடியில் கதிர்காமம் போகிறவர்கள் திரும்பும் வழியில் எல்ல, பதுளைப் பக்கமும் ஏறி வாருங்கள். பாலத்தைப் பார்த்த கையோடு ஒரு லயத்துக்கும் போய், அங்குள்ளவர்களிடம் காணி உறுதி இருக்கிறதா என்று கேளுங்கள். வன்னியில் உங்கள் பக்கத்துக் காணிக்காரரிடமும் அதையே கேட்டுப் பாருங்கள். உறுதி இல்லை என்றால், விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோகும் நாளில் அவரோடு கூடப் போங்கள்.