நியூட்டன் போடாத ஓட்டை

நியூட்டன் பூனைக்கதை தெரியாதவங்க யாராச்சும் இருக்கீங்களா? பள்ளிக்கூடத்துல வாத்தியார் சொல்லியிருப்பார். இல்லேன்னா ஏதாவது சிறுவர் பத்திரிகையில துணுக்கா வந்திருக்கும். ஐயா நியூட்டன் ஆராய்ச்சியில மூழ்கியிருக்கும்போது அவர் பூனை கதவைப் பிறாண்டிக்கிட்டே இருந்துச்சாம். தொல்லை தாங்காம கதவுல ஒரு ஓட்டை போட்டாராம். அப்புறம் பூனை குட்டி போட்டுச்சு. உடனே பெரிய ஓட்டைக்குப் பக்கத்துலயே குட்டிக்குன்னு இன்னொரு சின்ன ஓட்டை போட்டாராம். "பாருங்கடா, எவ்ளோ பெரிய மேதை, இது தெரியலையே!"ன்னு வகுப்பே சிரிக்கும்.

வீட்டுக்கு ஒரு பூனைக்கதவு (அதாங்க, கேட் ஃப்ளாப்) வாங்கலாம்னு தேட ஆரம்பிச்சப்பதான் இந்தக் கதை மறுபடி மாட்டிச்சு. நாங்க இருக்கிறது இங்கிலாந்துல. பூனை என் மகளோடது. கதவு விற்கிற பக்கங்கள்ல விலை, அளவு எல்லாம் போட்டுட்டு, கீழே ஒரு வரி: 'பூனைக்கதவைக் கண்டுபிடித்தவர் சர் ஐசக் நியூட்டன்'. நமக்குத்தான் இந்த மாதிரி வரியைப் பார்த்தா கை சும்மா இருக்காதே. கதவை விட்டுட்டுக் கதையைப் பிடிச்சுக்கிட்டேன்.

முதல்ல சாட்சிகளைக் கூப்பிடுவோம்.

ஓட்டைக் கட்சியின் சாட்சி ஜே.எம்.எஃப். ரைட். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில படிச்சவர். 1827-ல் தன் கல்லூரி நாட்களைப் பத்தி ஒரு புத்தகம் போட்டார். நியூட்டன் இருந்த அறையின் கதவுல, பூனைக்கும் குட்டிக்கும் பொருத்தமான அளவுல ரெண்டு ஓட்டை இருந்ததாவும், ரெண்டையும் அடைச்சு வெச்சிருந்ததாவும் எழுதியிருக்கார். கதை உண்மையோ பொய்யோ, ஓட்டை இருக்குறது நிஜம்ங்கிறது அவர் கட்சி. சரிங்க ஐயா. ஆனா நியூட்டன் நாணயச்சாலை வேலைக்காக கேம்பிரிட்ஜை விட்டு லண்டன் போனது 1696-ல். நடுவுல 130 வருஷம்! அந்த அறையில அதுக்கப்புறம் எத்தனை பேர் குடியிருந்தாங்களோ, எத்தனை பேர் பூனை வளர்த்தாங்களோ.

எதிர்க்கட்சி சாட்சி ஹம்ஃப்ரி நியூட்டன். பேர் ஒண்ணா இருந்தாலும் சொந்தம் இல்லை. 1680-களில் ஐசக் நியூட்டனோட அந்த அறையிலேயே இருந்து, எழுத்து வேலை பார்த்த உதவியாளர். பிரின்கிப்பியாவுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தது இவர்தான். நியூட்டன் இறந்த மறுவருஷம், 1728-ல், பழைய நினைவுகளைக் கடிதமா எழுதிக் கொடுத்தார். அதுல தெளிவா சொல்றார்: ஐயா தன் அறையில நாயும் வளர்க்கலை, பூனையும் வளர்க்கலை. அதோட நிறுத்தாம அதனால லாபம் யாருக்குன்னும் சொல்றார். நியூட்டன் சாப்பாட்டை மறந்துடுவார். ராத்திரி வெச்ச சாப்பாடு காலையில தொடாம அப்படியே இருக்கும். படுக்கை தட்டிப் போட வர்ற வயசான அம்மா அதைச் சந்தோஷமா எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. பூனை இருந்திருந்தா அந்த அம்மாவுக்கு ஒரு பருக்கை கிடைச்சிருக்காது.

எனக்கு இந்தச் சாட்சி போதும். கூடவே இருந்தவர், அதுவும் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் பார்த்தவர். (மெழுகுவர்த்தியைத் தட்டிவிட்டு நியூட்டனோட காகிதங்களை எரிச்ச நாய் டைமண்டும் இதே வரியில அடிபட்டுப் போகுது, பாவம்.)

சரி, நியூட்டன் இல்லேன்னா வேற யாரு? இங்கதான் விஷயம் ருசியாகுது. நியூட்டன் பிறக்குறதுக்கு 240 வருஷம் முன்னாடி, 1400-ல் செத்துப்போன சாஸர் (கான்டர்பரி கதைகள் எழுதினவர்) மாவு ஆலைக்காரன் சொல்ற கதையில ஒரு பூனை ஓட்டையைப் போகிற போக்குல வெச்சிருக்கார். ஆக்ஸ்ஃபோர்டுல ஒரு தச்சர் வீடு. அங்க குடியிருக்கிற மாணவன் அறையைச் சாத்திக்கிட்டு ரெண்டு நாளா வெளியவே வரலை. வேலைக்காரப் பையன் தட்டிப் பார்க்கிறான், கத்திப் பார்க்கிறான். கடைசியில கீழே குனிஞ்சு, கதவடியில பூனை நுழையுற ஓட்டை வழியா எட்டிப் பார்க்கிறான். உள்ளே மாணவன் மேல பார்த்தபடி வாயைப் பிளந்துக்கிட்டு உட்கார்ந்திருக்கான்.

இதுல நான் கவனிச்சது ஓட்டை இருந்ததை மட்டும் இல்லை. அது என்ன ஓட்டை, எதுக்குன்னு சாஸர் விளக்கவே இல்லை. பூனை வழக்கமா வர்ற ஓட்டை, அவ்வளவுதான். நாம கதை எழுதும்போது 'திண்ணை'ன்னா என்னன்னு விளக்குவோமா? அந்த மாதிரி. 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயருக்குக் கதவுல பூனை ஓட்டை அவ்வளவு சாதாரணம். இதுக்குக் கண்டுபிடிப்பாளர்னு ஒருத்தரைத் தேடுறதே வீண் வேலை. ஏதோ ஒரு தச்சன், ஏதோ ஒரு எலித் தொல்லை.

கண்ணால பார்க்கக்கூடிய பழைய ஓட்டை வேணும்னா எக்ஸிட்டர் போகணும். இங்கிலாந்தோட தென்மேற்குப் பக்கம். அங்கிருக்கிற பேராலயத்தோட வடக்குப் பக்கச் சுவர்ல 15-ஆம் நூற்றாண்டுக் கடிகாரம் ஒண்ணு இருக்கு. நடுவுல பூமி, அதைச் சுத்தி சந்திரனும் சூரியனும்! கடிகாரத்துக்குக் கீழே ஒரு மரக்கதவு. அது அடியில வட்டமா ஒரு ஓட்டை. 1598-ல் வில்லியம் காட்டன்ங்கிற பிஷப் காலத்துல இதைப் போட்டதாவும், தச்சர்களுக்கு 8 பென்ஸ் கூலி கொடுத்ததாவும் கணக்கு இருக்கு. கடிகாரக் கயிறுகளுக்கு மிருகக் கொழுப்பு தடவுவாங்களாம். கொழுப்பு வாசனைக்கு எலி வரும், எலிக்குப் பின்னால பூனை போகணும். உலகத்துலயே பழைய கேட் ஃப்ளாப் இதுதான்னு பத்திரிகைகள்ல போடுறாங்க. ஃப்ளாப் எங்க இருக்கு? மூடியே இல்லாத வெறும் ஓட்டைதான் அது.

என்னைக் கட்டிப் போட்டது ஓட்டை கூட இல்லை, அதே பேராலயத்தோட சம்பளக் கணக்கு. 1305-லிருந்து 1467 வரைக்கும் கணக்கேடுகள்ல, ஆலயக் காவலாளிகளோட சேர்த்துப் பூனைக்கும் ஒரு பதிவு வருது. காலாண்டுக்கு 13 பென்ஸ். 13 வாரத்துக்கு 13 பென்ஸ்னா வாரம் ஒரு பென்னி. எலி மட்டும் தின்னு காலம் தள்ள முடியாதுன்னு சாப்பாட்டுக்குக் கொடுத்த படி அது. அந்தக் காலத்துல ஒரு பவுனுக்கு 240 பென்ஸ், அப்போ வருஷத்துக்கு 52 பென்ஸ்ங்கிறது கால் பவுனைவிடக் குறைச்சல். சின்னத் தொகைதான். ஆனா ஒரு பிஷப்போட கணக்குப்பிள்ளை 160 வருஷம் விடாம எழுதியிருக்கார்னா, பூனைங்கிறது அங்க செல்லப்பிராணி இல்லை, சிப்பந்தி. அந்த ஓட்டை சிப்பந்தி வர்ற பின்வாசல்.

நம்ம ஊர்ல ஏன் இந்த ஓட்டை இல்லைன்னு யோசிச்சேன். எங்க பாட்டி வீட்டுல பூனைக்கு யாரும் கதவு போடலை. தேவையும் இல்லை. ஓட்டுச் சந்து, முற்றம், கம்பி மட்டும் போட்ட ஜன்னல், பரண்னு அதுக்கு எத்தனையோ வழி. அந்த வீட்டுல பூனை வராம தடுக்கத்தான் கஷ்டம், பாலை உறியில தொங்க விடணும். குளிருக்காக எல்லாத்தையும் இழுத்துச் சாத்துற ஊர்லதான் கதவை வெட்ட வேண்டி வருதுன்னு ஒரு முடிவுக்கு வந்தா, ஸ்பெயின் இடிக்குது. அங்கயும் இதுக்கு 'கதேரா'ன்னு தனிச்சொல்லே இருக்கு. பிரான்சுல 'ஷாத்தியேர்'. ஸ்பெயின் முழுக்கக் குளிர் ஊர் இல்லையே? ஆனா தானியத்தைப் பூட்டி வைக்கிற ஊர். பூட்டின கதவுக்குள்ள எலி போகுதுன்னா பூனையும் போகணும். குளிரும் பூட்டும் ரெண்டும்தான் காரணம்னு வெச்சுக்கிறேன்.

அப்புறம் பூனைக்கு வேலை போச்சு. மாவு பாக்கெட்டுல வருது, கடிகாரத்துக்கு பேட்டரி. அமெரிக்காவுல எட் லோன்னு ஒருத்தர் 1947-ல் களிமண் குருணையைப் பையில போட்டு பூனைக் கழிவறைக்குன்னு விற்க ஆரம்பிச்சார். அதுவரைக்கும் சாம்பல், மணல்னு சமாளிச்சவங்களுக்குப் பூனையை முழுநேரமும் வீட்டுக்குள்ள வெச்சுக்க வழி கிடைச்சது. பிரிட்டன்காரங்க இன்னமும் பூனை வெளியே போய்ட்டு வரணும்னு நினைக்கிறவங்க. அதனால ஓட்டை இங்க தங்கிடுச்சு. ஆனா அதோட கேள்வி தலைகீழா மாறிடுச்சு. பழைய ஓட்டையில எந்தப் பூனை வந்தாலும் சரி, எலி பிடிச்சா போதும். இப்போ நம்ம பூனை மட்டும் வரணும், வேற எதுவும் வரக்கூடாது.

இது எனக்குப் புத்தக விஷயம் இல்லை. எங்க தெருவுல ஒரு ஆண்பூனை உண்டு, தடியன். எங்களுக்கு முன்னாடி இந்த வீட்டுல இருந்தவங்க விட்டுட்டுப் போன சாதாரண ஃப்ளாப் வழியா நேரா சமையலறைக்கு வந்து, எங்க பூனையோட தட்டைக் காலி பண்ணிட்டு, அதையும் அடிச்சுட்டுப் போவான். காதுல கடி, அது சீழ் பிடிச்சு ரெண்டு தடவை மருத்துவர்கிட்ட ஓடினோம். அப்புறம் எங்க பூனை அலமாரி மேலயே வாழ ஆரம்பிச்சுடுச்சு, சொந்த வீட்டுல அகதி மாதிரி. மகள் அதுக்குச் சாப்பாட்டை மேல ஏத்திக் கொடுத்துக்கிட்டிருந்தா.

இந்தப் பிரச்சனைக்கு முதல்ல வந்த தீர்வு காந்தம். கழுத்துப்பட்டையில ஒரு காந்தத் துண்டு, கதவு அதை உணர்ந்து திறக்கும். ஆனா காந்தத்துக்கு ஆள் அடையாளம் தெரியாது. பட்டையில காந்தம் கட்டின பக்கத்து வீட்டுப் பூனைக்கும் அது திறக்கும். போதாக்குறைக்குத் தோட்டத்துல கிடக்கிற ஆணி, திருகு எல்லாம் காந்தத்துல ஒட்டிக்கிட்டு வரும். அப்புறம் அகச்சிவப்புக் கதிர்ச் சாவி வந்தது, அதுவும் பட்டையிலதான். பூனை பட்டையைத் தொலைச்சா வெளியவே கிடக்க வேண்டியதுதான்.

2000-களின் பின்பாதியில கேம்பிரிட்ஜைச் சேர்ந்த நிக் ஹில்ங்கிற இயற்பியல்காரர், அடையாளத்துக்காகப் பூனை உடம்புல ஏற்கனவே இருக்கிற மைக்ரோசிப்பையே சாவியாக்கிற கதவை உருவாக்கினார். அவர் பூனைக்கும் அண்டை வீட்டுப் பூனைங்க தொல்லைதான். ஆக, கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் ஒருத்தர் பூனைக்கதவு செஞ்சது நிஜம்தான், ஆள்தான் வேற :-)

சிப் அரிசி அளவு இருக்கும், தோள்பட்டைகளுக்கு நடுவுல தோலுக்கடியில போடுவாங்க. அதுக்கு பேட்டரி கிடையாது. பூனை தலையை நீட்டும்போது கதவுல இருக்கிற கம்பிச்சுருள் உண்டாக்குற மின்காந்தப் புலம்தான் சிப்புக்கு உயிர் கொடுக்குது. அது தன் 15 இலக்க எண்ணைச் சொல்லும், எண் சரின்னா தாழ்ப்பாள் விலகும். குட்டி போட்டாலும் அதோட எண்ணையும் சேர்த்துக்கலாம், இன்னொரு ஓட்டை வேண்டாம். இங்கிலாந்துல 2024 ஜூன் 10-லிருந்து வளர்ப்புப் பூனைக்கு 20 வாரம் ஆகுறதுக்குள்ள சிப் போட்டே ஆகணும்னு சட்டம், மீறினா 500 பவுன் வரைக்கும் அபராதம். காணாமப் போற பூனையைக் கண்டுபிடிக்கத்தான் சட்டம் போட்டாங்க. ஆனா நாட்டுல வீட்டுப் பூனை அத்தனைக்கும் தோலுக்கடியில ஒரு சாவியும் சேர்ந்து வந்துடுச்சு.

அதுக்கு மேலயும் போறவங்க இருக்காங்க. 2019-ல் சியாட்டில்ல அமேசான்ல வேலை பார்த்த ஒருத்தர், தன் பூனை வாயில எலியோ குருவியோ இருந்தா கேமரா கண்டுபிடிச்சு 15 நிமிஷம் கதவைப் பூட்டுற மாதிரி செஞ்சு, மேடையில பேசினார். எக்ஸிட்டர் பூனைக்கு எலி பிடிச்சதுக்குச் சம்பளம், இந்தப் பூனைக்கு எலி பிடிச்சதுக்குத் தண்டனை!

எங்களுக்கு சிப் கதவே போதும்னு முடிவாச்சு. மாட்டுறவங்களுக்காகச் சில விஷயம். ரெட்டைக் கண்ணாடிக் கதவை வீட்டுல வெச்சு அறுக்க முடியாது; பதப்படுத்தின கண்ணாடி நொறுங்கிடும். ஓட்டையோடவே புதுக் கண்ணாடி செஞ்சு வாங்கணும். பிளாஸ்டிக் கதவோட கீழ்ப்பலகையை ரம்பத்தால அறுக்கலாம். உலோகக் கதவுன்னா சிப் படிக்கிற புலமே கெட்டுடும். தீத்தடுப்புக் கதவுல கையே வைக்காதீங்க. உயரத்துக்குப் பூனை நிக்கும்போது அதோட வயிறு எவ்ளோ உயரத்துல இருக்கோ அதுதான் கணக்கு. அதை வெளிப்பக்கத்துலயும் அளக்கணும், ஏன்னா வெளியே தரை பெரும்பாலும் ஒரு படி தாழ்வா இருக்கும். கை விட்டுப் பூட்டைத் தொட முடியாத தூரத்துல வைக்கணும்ங்கிறதைச் சொல்ல வேண்டியதில்லை.

எங்க கதவுல பழைய ஓட்டை இருந்ததால வெட்டு வேலை கொஞ்சம்தான், ஒரு மத்தியானத்துல முடிஞ்சது. முதல் வாரம் மூடியைத் துணி கிளிப் போட்டுத் தூக்கியே வெச்சோம், பழகுறதுக்காக. ராத்திரி மட்டும் இறக்கிப் பூட்டினோம். ரெண்டாவது வாரம் கிளிப்பை எடுத்தோம். தாழ்ப்பாள் விலகும்போது 'டிக்'னு வர்ற சத்தத்துக்கு எங்க பூனை ரெண்டு நாள் பயந்துச்சு, மூணாவது நாள் போச்சு, வந்துச்சு. அன்னைக்குச் சாயங்காலமே தடியனும் வந்தான். வழக்கம்போலத் தலையால முட்டினான். பின்வாங்கி உட்கார்ந்து பார்த்தான். மறுபடி முட்டினான். கண்ணாடி மூடிக்கு இந்தப் பக்கம், அலமாரியிலிருந்து இறங்கி வந்த எங்க பூனை அவனைப் பார்த்துக்கிட்டே தன் தட்டுல சாப்பிட்டுச்சு.