அரிசியின் தவிடும் உடலின் எடையும்

திருச்சிராப்பள்ளிப் புத்தூரில், உய்யக்கொண்டான் வாய்க்காலுக்கு அருகில் வளர்ந்தவன் நான். முதலாம் இராசராசனின் பட்டப்பெயரைத் தாங்கிய அந்த வாய்க்கால் நெல் வயல்களுக்கு நீர் தருவது. எங்கள் வீட்டுக் கொல்லையில் ஓர் உரல் இருந்தது. பாட்டியார் அதில் நெல்லைக் குத்தி, முறத்தில் புடைத்து, உமியை ஒதுக்கிவிட்டு, உதிர்ந்த தவிட்டைப் பசுவுக்கு வைப்பார். அரிசியின் மேல் சிறிது தவிடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். சோறும் சற்றே பழுப்பாக இருக்கும். பிறகு நெல் ஆலைக்குச் சென்றது; சோறு மல்லிகைப்பூப்போல் வெளுத்தது. அன்று எங்களுக்கு அது பெருமையாக இருந்தது.

அண்மையில் உறவினர் ஒருவர் என்னிடம் வருத்தத்துடன் ஒன்று கேட்டார்: "நாங்கள் தலைமுறை தலைமுறையாக மரக்கறி உணவே உண்பவர்கள். பின் ஏன் எனக்கு எடை கூடுகிறது, சர்க்கரை நோய் வருகிறது?" நியாயமான கேள்வி. இதற்கு விடை காண வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும்.

கைகால் மரத்துப் போதல், உடல் வீங்குதல், இதயம் தளர்தல் ஆகியவற்றை உண்டாக்கும் பெரிபெரி என்னும் நோய் முற்காலத்தில் அரிசி உண்ணும் நாடுகளை வாட்டியது. சென்னை மாகாணப் படை மருத்துவர் மால்கம்சன் 1835ஆம் ஆண்டிலேயே இந்நோயைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். காரணம் மட்டும் விளங்கவில்லை. 1890களில் சாவகத் தீவில் எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர் ஒரு விந்தையைக் கண்டார். தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுந்தன; தவிடு நீக்காத அரிசியைத் தின்றதும் தேறின. நோய் எதனாலோ வந்தது என்பதைவிட, எதுவோ இல்லாமையால் வந்தது என்ற உண்மை மெல்ல வெளிப்பட்டது. தவிட்டோடு போனது, பின்னாளில் தயாமின் எனப் பெயர் பெற்ற உயிர்ச்சத்து. எய்க்மன் 1929இல் நோபல் பரிசு பெற்றார்.

நம் நாட்டில் இந்த ஆராய்ச்சி நீலகிரியிலுள்ள குன்னூரில் நடைபெற்றது. 1918இல் அங்குள்ள பாஸ்டர் நிலையத்தில், ஓர் அறையில், இராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து உணவூட்ட ஆராய்ச்சிக் கூடமாகி, 1958இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய உணவூட்ட நிறுவனமாக விளங்குகிறது.

ஆய்வில் தெரிந்த ஒரு செய்தி தமிழர்க்கு இனிமையானது. ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி மிகுந்திருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிதாக இருந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள தயாமினில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே ஊடுருவிவிடுகிறது. பின்பு தீட்டினாலும் அது முழுவதும் போவதில்லை. காரணம் அறியாமலே நம் முன்னோர் கைக்கொண்ட முறை அவர்களைக் காத்தது.

ஆனால் அடுத்த செய்தி கசப்பானது. மக்காரிசன் வெள்ளெலிகளைக் குழுக்களாகப் பிரித்து, இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவைக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்து, பிறகு நிறுத்துப் பார்த்தார். பஞ்சாபின் சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்திருந்தன. சென்னை மாகாணத்தார் உணவை உண்டவை எடையில் கடைசியாக நின்றன. புலால் செய்த வேற்றுமை என்று இதைக் கொள்ளலாகாது. சீக்கியர் உணவிலும் பெரும்பகுதி தானியமும் பருப்பும் காய்கறியுமே. புலால் எப்போதேனும் சிறிதளவுதான். முழுக் கோதுமையும் தாராளமான பாலும் அங்கே இருந்தன. தீட்டிய அரிசியும் மிகக் குறைந்த பாலும் இங்கே இருந்தன. ஆக, அக்காலத்துக் குறை எடையும் இக்காலத்து மிகை எடையும் ஒரே வெள்ளைச் சோற்றுத் தட்டின் முன் வந்து நிற்கின்றன!

இஃது எவ்வாறு என்று கேட்கலாம். சோற்றிலுள்ள மாப்பொருள் வாயில் உமிழ்நீராலும், சிறுகுடலில் கணைய நீராலும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் சேர்கிறது. நார்ப்பொருள் அவ்வாறு செரிப்பதில்லை. அது பெருங்குடலை அடைந்து அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு இரையாகிறது. அவை உண்டாக்கும் அமிலங்கள் குடலின் உட்சுவரைப் பேணுகின்றன. நாருள்ள உணவை நன்கு மென்று தின்ன வேண்டியிருப்பதால் அது விரைவில் நிறைவு தரும். தவிடு நீங்கிய சோறோ எளிதில் உள்ளே இறங்குகிறது. இன்னொரு கரண்டிக்கும் இடம் கேட்கிறது. வயலில் நாள் முழுதும் உழைத்தவன் அதைச் செலவிட்டான். நாற்காலியில் அமர்ந்திருப்பவன் அதைக் கொழுப்பாகச் சேமிக்கிறான். எண்ணெய்ப் பண்டமும் இனிப்பும் அதனுடன் கூடுகின்றன.

சென்னை நகர மக்களிடம் நடந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்கள் உணவின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி தீட்டிய தானியங்களிலிருந்தே கிடைப்பதாகத் தெரிந்தது. அவற்றை மிகுதியாக உண்டவர்களிடம் சர்க்கரை நோயும் மிகுதியாகக் காணப்பட்டது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர்க்கு அந்நோய் உள்ளது என 2023இல் வெளியான பெரிய ஆய்வு கணித்தது.

இந்த எச்சரிக்கை முன்பே ஒலித்ததுதான். 1934இல் காந்தியடிகள் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம், தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பாவின் உழைப்பால் கைக்குத்தல் அரிசியை நாடெங்கும் பரப்ப முயன்றது. எனினும் ஆலையே வென்றது. அதற்காக நான் ஆலையைப் பழிக்கமாட்டேன். பாட்டியாரின் உள்ளங்கைகள் உலக்கை பிடித்துக் காய்ப்புக் காய்த்திருந்ததை நான் தொட்டறிந்தவன். அந்தச் சுமையைப் பெண்கள் மீது மீண்டும் ஏற்றுவது அறமாகாது. உமியை மட்டும் நீக்கித் தவிட்டை விட்டுவைக்கும் இயந்திரங்கள் இன்று உள்ளன. நாம் கேட்டு வாங்கினால் போதும்.

மாணவர்களே! மரக்கறி உணவு நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் "மரக்கறி" என்னும் பெயர் மட்டும் எவரையும் காப்பாற்றாது. வெள்ளைச் சோறும் அப்பளமும் மரக்கறிதான். கேழ்வரகும் கீரையும் பருப்பும் மரக்கறிதான். பயனோ வேறு. பி12 என்னும் உயிர்ச்சத்து தாவர உணவில் கிடைப்பதில்லை. பாலும் தயிரும் ஓரளவு அக்குறையைத் தீர்க்கும். அவற்றையும் விலக்குவோர் மருத்துவரைக் கேட்டு மாற்று வழி தேட வேண்டும்.

என் உறவினரிடம் இவ்வளவும் சொன்னேன். "அப்படியானால் நான் சோற்றை விட்டுவிட வேண்டுமா?" என்றார். "வேண்டாம், தட்டில் சோற்றைப் பாதியாக்கிக் காயையும் பருப்பையும் இருமடங்காக்குங்கள். பசுவுக்கு வைத்த தவிட்டில் கொஞ்சம் நமக்கும் இருக்கட்டும்," என்றேன்.